காற்று எப்படி என்று கேட்டிருந்தீர்கள்

பலேர்மோ,
நவம்பர் 2002.

அன்புள்ள மச்சாளுக்கு,

நாகபூசணி எழுதுகிறேன். நானும் உங்கள் தம்பியும் சுகமாக இருக்கிறோம். இங்கிருந்து ஊருக்கு வந்த அலோசியஸ் அண்ணையிடம் உங்கள் முழங்காலுக்கு ஒரு பூச்சுமருந்து கொடுத்துவிட்டேன். கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்ததா? காலையும் மாலையும் பூசுங்கள். பூசிவிட்டுக் கையைக் கழுவாமல் கண்ணில் வைத்துவிடாதீர்கள், எரியும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜெனனிக்கு எங்களிடம் வர விசா சரிவந்துவிட்டது என்று நாங்கள் துள்ளிக்கொண்டு சொன்ன செய்திக்கு நீங்கள் ஒரே ஒரு விஷயம்தான் எழுதியிருந்தீர்கள். "தொய்வுக்காரப் பிள்ளை. மாரியில் மூச்சு இழுக்கத் தொடங்கினால் விடியும்வரை என் மடியில்தான் நிமிர்ந்து இருக்கிறவள். அங்கே குளிர் என்கிறார்கள். காற்று எப்படி, மழை எப்படி, பிள்ளை தாங்குவாளா? மறைக்காமல் எழுதும்."

உங்கள் தம்பி உணவகத்து வேலை முடிந்து வந்ததும் அதை வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "நீரே பதில் எழுதும். நான் எழுதினால், தம்பி பிள்ளை ஆசையிலை புளுகுறான் எண்டு அக்கா நினைப்பா" என்றார். அதனால் நான் எழுதுகிறேன். நானும் பிள்ளை ஆசை உள்ளவள்தான். ஆனாலும் புளுக மாட்டேன்.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் வருவதுபோல் பனி கொட்டுகிற ஊர் இல்லை இது. கடற்கரைப் பட்டினம். இந்த நவம்பரிலும் பகலில் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இதை நம்பித்தான் புதிதாக வருகிறவர்கள் தடித்த உடுப்பு இல்லாமல் வந்திறங்கி, ஜனவரியில் அழுகிறார்கள். ஏனென்றால் இங்கே குளிர் தெருவில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் கூட. கல்லுச் சுவர், உயரமான கூரை, மாபிள் நிலம். எங்களைப் போன்றவர்கள் இருக்கிற பழைய வீடுகளில் சூடாக்கும் வசதி கிடையாது. சில்லு வைத்த காஸ் ஹீற்றர் ஒன்றைப் போகிற அறைக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போகவேண்டும். நான் பராமரிக்கிற கிழவி, எங்கள் சின்யோரா, "குளிருதெண்டால் வெளியிலை போய் நில்லு, சூடு பிடிக்கும்" என்று சொல்லுவார். பகிடிக்குச் சொல்கிறார் என்று முதல் வருடம் நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

குளிரைவிட மோசம் ஈரம். டிசம்பர் தொடக்கம் மார்ச்வரை தோய்த்த உடுப்பு லேசில் காயாது. மழை நாள் முழுக்கத் தூறாது, கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் கொட்டுகிற நேரத்தில் கபோ சந்தைத் தெரு ஆறுபோல் ஓடும், மரக்கறிப் பெட்டிகள் மிதக்கும். அந்தச் சந்தைக்குப் பின்னால் நிலத்தோடு ஒட்டிய ஒற்றை அறையில்தான் நாங்கள் இவ்வளவு காலமும் இருந்தோம். சுவர் வியர்க்கும். கட்டிலை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். எனக்கே மாரி முழுக்க இருமல். வதிவிட அனுமதி கிடைத்த பிறகும் பிள்ளையை ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தச் சுவர்தான் காரணம், மச்சாள்.

இப்போது அதே பகுதியில் மூன்றாம் மாடிக்கு மாறிவிட்டோம். பல்கனி தெற்குப் பார்த்தது. காலையில் இருந்து பின்னேரம்வரை வெயில் உள்ளே வந்து விழும். பிள்ளையின் கட்டிலை அந்த வெயில் படுகிற இடத்தில் போட்டிருக்கிறேன்.

வெயில் காலத்தைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளை. ஆனால் அங்கே சோளகக் காற்று வீசும், முற்றத்தில் வேம்பு நிற்கும். இங்கே பகலில் குடித்த சூட்டை இரவில் கல்லுச் சுவர் கக்கும். பகலில் யன்னல் பலகையைச் சாத்தி இருட்டாக்கி வைத்துக்கொண்டுதான் எல்லோரும் இருப்பார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெளிச்சம் போகாது, பிள்ளைகள் படுக்க மாட்டார்கள். தண்ணீர் முறைவைத்துத்தான் வரும், கூரையில் தாங்கி இருக்கிறது.

இன்னொன்று, ஷிரோக்கோ. ஆபிரிக்காப் பக்கம் இருந்து வருகிற சூட்டுக் காற்று. வானம் மஞ்சளாகும், வாயில் மண் கரகரக்கும், மறுநாள் மழை பெய்தால் காய்கிற உடுப்பெல்லாம் செம்பாட்டு மண் தெளித்ததுபோல் இருக்கும். அந்த நாட்களில் கதவு யன்னலைச் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பேன். மூச்சுக்கு ஆகாத காற்று அது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் பிள்ளையைக் கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இவ்வளவும்தான் நான் அறிந்தது. மூன்று வயதில் அவளை உங்கள் இடுப்பில் விட்டுவிட்டு வந்தேன், இப்போது எட்டு. ஒவ்வொரு நாளும் என் படத்தைக் காட்டி "அம்மா" என்று சொல்லவைத்தீர்கள். நீங்கள் நினைத்திருந்தால் அந்தச் சொல்லை உங்களுக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். வைக்கவில்லை. முடிவு உங்கள் கையில் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களைக் கேளாமல் அவளைக் கூட்டிவரவும் எங்கள் இருவருக்கும் மனம் வராது. தடித்த காலுறை நான் இங்கே வாங்கிவைத்துவிட்டேன். நீங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
நாகபூசணி


பலேர்மோ,
மே 2003.

அன்புள்ள மச்சாளுக்கு,

ஈஸ்டருக்கு அடுத்த நாள் தொலைபேசியில் நான் அழுததும் அரைகுறையாகச் சொன்னதும் உங்கள் மனதில் எப்படிக் கிடந்து உழன்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெனனி சுகம். இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். நடந்ததை ஒழுங்காகச் சொல்வதற்குத்தான் இருந்து எழுதுகிறேன்.

ஜனவரியில் உங்கள் தம்பி அவளைக் கூட்டிவந்தபோது மழை. விமான நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் தகப்பன் கையை விடவில்லை. வீட்டில் எதற்கும் அனுமதி கேட்டாள். "அம்மா, தண்ணி குடிக்கட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போத்தலைத் தொடுவாள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். ஆனால் சொந்த வீட்டில் யாராவது தண்ணீருக்கு அனுமதி கேட்பார்களா?

நான் பயந்த மாரி முழுக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. காலுறை இரண்டு, பெனியன் இரண்டு, மேலே கம்பளி. இரவில் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன், மூச்சு பூப்போல இருக்கும். மார்ச்சில் ஷிரோக்கோ அடித்தது. வீட்டை மூடிக்கொண்டு, ஈரத் துணியைத் தொங்கவிட்டுக் காவல் இருந்தோம். அப்போதும் ஒன்றும் இல்லை. உங்கள் தம்பி, "அக்காவுக்கு எழுதும், பிள்ளைக்கு இந்த ஊர் ஒத்துக்கொண்டிட்டுது எண்டு" என்றார். நான் எழுதியும் அனுப்பினேன்.

பிறகுதான் ஏப்ரல் வந்தது. மச்சாள், இந்த ஊரின் ஏப்ரலைப் போல ஒரு காலநிலையை நான் எங்கும் கண்டதில்லை. குளிரும் இல்லை, புழுக்கமும் இல்லை. ஈஸ்டருக்கு மறுநாள் இங்கே எல்லோரும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு புல்வெளிகளுக்குப் போவார்கள். அலோசியஸ் அண்ணை பகேரியாவில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவரும் மனைவி ஸ்ரெல்லாவும் கூப்பிட்டார்கள். ரயிலில் போனோம். எலுமிச்சை மரங்கள், உடைந்த மதில்கள், மதில் இடுக்கெல்லாம் பச்சைப் புல்பூண்டு. ஜெனனி அந்த மதில் மேல் ஏறி ஓடினாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தவள், என் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம். அலோசியஸ் அண்ணை அம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். நான் அவளைத் தூக்கிப் பாயில் கிடத்தப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். இருக்கிற கொஞ்ச மூச்சில், "மாமி... மாமியிட்டைப் போகோணும்" என்று உங்களைத்தான் கேட்டாள்.

அப்போதுதான் உங்கள் தம்பி கைத்தொலைபேசியில் உங்களை எடுத்து என் கையில் தந்தார். நீங்கள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பூசணி, பிள்ளையைக் கிடத்தாதை. மடியிலை நிமித்தி இருத்து. உன்ரை நெஞ்சிலை அவளின்ரை முதுகு படவேணும். நீ ஆறுதலா மூச்சு விடு, அவள் உன்னைப் பாத்து விடுவள். அழாதை. நீ அழுதால் அவளுக்கும் மூச்சு முட்டும்" என்றீர்கள். பிறகு அவள் காதில் வைக்கச் சொன்னீர்கள். நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் மெல்லத் தலையாட்டினாள். என்னைத் தள்ளிய அதே கையால் என் விரலைப் பிடித்தாள். அம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் இருவரும் ஒரே மூச்சாக இருந்தோம். அதோடு அட்டையில் காசு முடிந்து தொலைபேசி நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். பின்னேரம் அவள் முகம் தெளிந்தது. பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியக் கையில் சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்திப் பார்த்தார்கள். டொக்டர் பெண்பிள்ளை, இளம் வயது. குளிரா, ஈரமா, ஆபிரிக்கக் காற்றா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும், ஆனால் முக்கிய காரணம் அதுகள் இல்லை என்றார். மதில்களில் தானாக முளைக்கிற ஒரு களைப்பூண்டின் மகரந்தமாம். இந்தக் கரையோரம் முழுக்க முளைக்குமாம், நல்ல வெயிலும் நல்ல காற்றும் உள்ள வசந்தத்தில்தான் கூடப் பறக்குமாம். நான் உங்களுக்கு ஊர்க் காலநிலை எல்லாம் எழுதினேன். பல்கனிச் சுவரில் அதே பூண்டு பச்சையாக நின்றது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி உணவகத்து ரப்பர் கையுறையைப் போட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, எங்கள் பல்கனியில் தொடங்கிப் பூண்டைப் பிடுங்கினார். பிறகு படிக்கட்டு. பிறகு தெருவில் இறங்கிவிட்டார். கீழே இருக்கிற மீன்கடைக்காரர் வெளியே வந்து, "எங்கட சுவரை ஏனப்பா சுரண்டுறாய்?" என்று கத்தினார். உங்கள் தம்பி தனக்குத் தெரிந்த இத்தாலியனில், என்ரை மகளுக்கு மூச்சு, இது கூடாது என்றார். மீன்கடைக்காரர் உள்ளே போனார். ஏணியோடு வந்தார். அவருடைய மனைவி பெரிய பையொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றா. எதிர்வீட்டுக் கிழவர் யன்னலில் இருந்து, "அங்கை ஒண்டு விட்டிட்டாய், இஞ்சாலை ஒண்டு" என்று காட்டிக்கொண்டு இருந்தார். மத்தியானத்துக்குள் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சுவர் மொட்டையாகிவிட்டது.

டொக்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். காற்று ஊர் முழுக்க இருந்து கொண்டுவருமே, ஒரு ஒழுங்கையைத் துப்புரவாக்கி என்ன பயன் என்றார். தினமும் இழுக்க ஒரு மருந்துக் குழாய் தந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒருமுறைதான் மூச்சு இழுத்தது, அதுவும் லேசாக. உங்கள் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நான் மறிக்கவில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். ஒரே வரி எழுதியிருந்தீர்கள்: "பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடுங்கோ." உங்கள் தம்பி அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "அக்கா தனக்கெண்டு ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை" என்றார். மூன்றாம் நாள், மாமியிட்டைப் போறியோ என்று ஜெனனியிடம் கேட்டேன். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "நான் போனால், அப்பா வேலைக்குப் போற நேரம் நீங்கள் இஞ்சை தனியவோ, அம்மா?" என்றாள். சின்யோரா இருக்கிறா தானே என்று சொன்னேன்.

ஜூன் நடுப்பகுதியில் பள்ளிக்கூடம் விடுகிறார்கள். ஸ்ரெல்லா ஊருக்கு வருகிறா, அவவோடு ஜெனனியை அனுப்புகிறேன். மருந்துக் குழாயை எப்படி இழுப்பது என்று அவளுக்கே தெரியும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொஞ்சம் இத்தாலியன் கதைப்பாள், சிரியாதீர்கள். ஓகஸ்டில் உணவகம் பூட்டுவார்கள், உங்கள் தம்பி அப்போது வருவார். என்னால் வரமுடியாது. சின்யோரா படுக்கையோடு இருக்கிறா.

மச்சாள், செப்டம்பரைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. இந்த ஊரில் வெயில் தணிகிற மாதம் அது. கடல் மட்டும் இளஞ்சூடாக இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை தண்ணீரில்தான் கிடப்பார்கள். பூண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று டொக்டர் சொன்னார். காற்று ஆறுதலாக இருக்கும். மூச்சு விட நல்ல மாதம். பிள்ளைக்குக் கட்டாயம் ஒத்துக்கொள்ளும்.

உங்கள் தம்பியோடு அவளும் அந்த மாதத்துக்கு இங்கே திரும்பி வந்து சேர உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

உங்களைக் கும்பிட்டபடி,
நாகபூசணி