சிவசைலம் சாரின் ஆய்வேடு

ஜூன் 9, 2025, திங்கள்

பக்ரீத் கறி இன்றோடு தீர்ந்தது. உம்மா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது இசக்கிமணி அண்ணாச்சி போன் செய்தார். அவர் கடை கீழே ஜெராக்ஸ். மாடியில் பிறருக்கு ஆய்வேடு தயாராகும். எழுதுவது நான். எம்.ஃபில்., நெட் முடித்து ஐந்து வருடம் வேலை கிடைக்காத இந்த சஃப்ரினுக்குக் கிடைத்த வேலை இது.

போன வருடம் முழுவதும் எழுதியது, கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கோரஸ். அட்டையில் சிவசைலம் என்று இருக்கும். அவருக்கு இப்போது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வருகிறது.

"நீதான் சாருக்குச் சொல்லிக்குடுக்கணும் தாயி. எழுதுன கைக்குத்தான தெரியும்" என்றார் அண்ணாச்சி.

ஜூன் 16

முதல் பாடம். சிவசைலம் சாருக்கு நாற்பது வயதிருக்கும். தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் எடுக்கிறார். நோட்டுக்கு அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"கோரஸ்னா பாட்டுல பின்னால பாடுவாங்களே, அதான மேடம்?"

அவர் பெயரில் இருநூற்றுப் பத்துப் பக்கம் இருக்கிறது!

சொன்னேன். ஏதென்ஸில் ஊர்க்காரர்களே கோரஸாக நிற்பார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. முகமூடி கட்டி ஆடிப் பாடுவார்கள். கொலை மேடையில் நடக்காது; அரண்மனைக்குள்ளிருந்து அலறல் மட்டும் கேட்கும். கோரஸ் கதவுக்கு வெளியே நின்று என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்.

"உள்ள போக மாட்டாங்களா?"

"போனா நாடகம் முடிஞ்சிரும் சார்."

எழுதிக்கொண்டார். அது விளையாட்டுப் பதில். சரியான பதில் எனக்கே தெரியுமா?

ஜூன் 24

மழை. சார் வரவில்லை. நிம்மதியாக இருந்தது — ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாஜிதாவோடு குற்றாலம் போனேன். எம்.ஏ.வில் ஒரே பெஞ்ச். ஏழு வருடம் தானே உட்கார்ந்து எழுதி, போன ஆண்டுதான் டாக்டர் ஆனாள். இன்னும் தற்காலிக வேலைதான்.

பழைய அருவியில் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, ஒரு நல்ல சேதி. நிரந்தர போஸ்ட் ஒண்ணு வருது. ஒண்ணே ஒண்ணு. டாக்டரேட் கட்டாயமாம். எனக்குப் போட்டி ஒருத்தருதான். சிவசைலம்னு யாரோ. செப்டம்பருக்குள்ள வைவா முடிச்சாத்தான் அவரு இன்டர்வியூக்கே வர முடியும்."

நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தண்ணீர் செம்மண் நிறமானது. போலீஸ் விசில். "ஏறுங்க, எல்லாரும் மேல ஏறுங்க!" கூட்டம் முட்டியது. மாஜிதா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினாள். விட்டிருந்தால் விழுந்திருப்பேன்.

பஸ்ஸில் தென்காசி வரும்வரை சொல்ல நேரமிருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

இனி சொல்லிக்கொடுக்க முடியாது என்றேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஒன் மெயில்லருந்துதான் ஒவ்வொரு சேப்டரும் வந்துருக்கு. எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ பயப்படாத தாயி."

நான் பயப்படுகிறேன் என்று சொல்லவே இல்லையே.

ஆகஸ்ட் 4

சார் தேறிவிட்டார். இப்போது அவராகவே படிக்கிறார், கேட்கிறார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

"எம் மவ கேட்டா, அப்பா இதெல்லாம் நீங்களா எழுதுனீங்கன்னு. ஆமான்னுட்டேன்" என்றார். முகம் சுண்டியிருந்தது. அவரை வெறுக்க முடிந்தால் எளிதாக இருக்கும்.

சாயங்காலம் வீட்டில் ஒரு பை மங்குஸ்தான். உம்மா சொன்னார்: "ஒன் சாராம். நல்ல மனுசன். தெருவுல யாருட்டயும் கேக்காம நேரா வந்துட்டாரு."

வீடு எங்கே என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

வைவா. வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "எல்லாரும் போகலாம்டி, போட்டிக்காரரு எப்படிப் பேசுதாருன்னு பாப்போம்" என்று மாஜிதா இழுத்துப்போனாள். மூன்றாவது வரிசை.

கேள்வி நேரத்தில் அவளே எழுந்தாள். பிற்காலத்தில் கோரஸ் ஏன் சுருங்கிப்போனது? சார் தொடங்கினார். நடிகர்களின் எண்ணிக்கை கூடியது, கதை அவர்கள் பேச்சுக்குள் போனது, கோரஸ் காட்சிகளுக்கு நடுவே பாடும் பாட்டாக மட்டும்... நின்றுவிட்டார். அரங்கமே காத்திருந்தது.

"...மிஞ்சியது. கதைக்கும் அதற்கும் உறவு அறுந்தது."

சொன்னது அவர் இல்லை. என் வாய். சத்தம் வரவில்லை, உதடுதான். மாஜிதா உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி சார் அதே வார்த்தைகளைச் சொன்னார். கைதட்டினார்கள்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். பாவூர்சத்திரத்திலேயே எழுந்தாள். அவள் வீடு இன்னும் தள்ளி, தென்காசியில்.

"எத்தன பக்கம்டி?"

"இருநூத்திப் பத்து."

இறங்கிவிட்டாள்.

செப்டம்பர் 5

மாஜிதா போனை எடுக்கவில்லை. பதினோரு தடவை.

செப்டம்பர் 12, வெள்ளி

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். முதலில் பெயர் போடாமல். அப்புறம்தான் உறைத்தது — பெயரில்லாத கடிதம் என்றால் எல்லாரும் மாஜிதாவைத்தானே நினைப்பார்கள்? கிழித்துவிட்டு, பெயர், விலாசம், ஒவ்வொரு அத்தியாயமும் அனுப்பிய தேதியோடு மறுபடி எழுதினேன். பதிவுத் தபால். இனி எந்தக் கல்லூரியிலும் எனக்கு வேலை கிடையாது. தெரிந்துதான் உறையை ஒட்டினேன்.

செப்டம்பர் 19

சார் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "எம் பிள்ளைய நெனச்சுப் பாத்தியா? ஒன்னைய நான் சும்மா விட மாட்டேன்." சத்தமே போடவில்லை. மெதுவாகச் சொன்னார்.

உம்மா என்னைத் தாண்டி வந்து கதவைச் சாத்தினார். "என்னட்டி செஞ்ச?"

எல்லாம் சொன்னேன். உம்மா பின்கதவுக்கும் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்டோபர் 8, புதன்

விசாரணை. பதிவாளர் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்ச். மாஜிதாவும் வந்திருந்தாள்; அவள்தான் என்னைத் தூண்டிவிட்டாள் என்று சார் எழுதிக்கொடுத்திருக்கிறாராம். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவே நாலு பேர் உட்காரலாம். அந்தப் போஸ்ட்டுக்கான இன்டர்வியூவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவளுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"லைப்ரரில எடுத்துப் படிச்சேன். நாலாவது சேப்டர் நல்லாருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத" என்றாள்.

பியூன் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து உள்ளே போனேன்.