அஞ்சலை வீட்டு அம்மி

பிரிக்பீல்ட்ஸ்
1923, சித்திரை

என் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று அமெரிக்காவின் பெரிய கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். உங்களுக்குக் கொடுத்த குடியுரிமையையும் பிடுங்கிக்கொள்வார்களாம். இனி என்னை அங்கே அழைத்துக்கொள்ள வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல ஒரு கோர்ட்டு வேண்டுமா? உங்கள் முகத்தைப் பார்த்தால் போதாதா?

நான்தான் அவசரப்பட்டேன். குடியுரிமை கிடைத்ததென்று நீங்கள் எழுதியதுமே வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தேன். கப்பலில் அம்மியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பக்கத்து வீட்டு அஞ்சலைக்குக் கொடுத்துவிட்டேன். நம் கல்யாணத்தில் நீங்கள் என் காலைப் பிடித்துத் தூக்கி வைத்த அதே அம்மி. இப்போது தினமும் அவள் வீட்டுக்குப் போய்த்தான் மிளகாய் அரைக்கிறேன்.

“எப்பக்கா கப்பல்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் நேற்று அதைக் கேட்கவில்லை.

“அம்மிய ஒங்க வீட்டுக்கே கொண்டாந்து போட்டுடவாக்கா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். கோர்ட்டு இருக்கிறது, உங்கள் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நீங்கள் திரும்பி வருவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மியைக் கொண்டுவந்து போடச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கும்
உங்கள் மனைவி