வால்டருக்காக ஒரு நன்றிப் பூசை

1942 அக்டோபர் 6, செவ்வாய்

சாயந்திரம் கச்சேரி ரோட்டில் ஜெயலக்ஷ்மி மாமி வீட்டுக்குப் போனேன். மாமியின் தம்பி சேஷாத்ரியும் என் புருஷன் வால்டரும் ஒரே கப்பலில் பினாங்குக்குப் போனவர்கள். அங்கே ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து தபாலே கிடையாது. இருக்கிறார்களா, இல்லையா?

செவ்வாய்தோறும் சைகோன் ரேடியோவில் தமிழில் பேசி முடித்த பிறகு, மலாயாவில் இருப்பவர்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதிகளை வாசிக்கிறார்கள். பெயர், ஊர், சுகம். அவ்வளவுதான். எதிரி ரேடியோவைக் கேட்பதே குற்றமா, கேட்டதை வெளியே சொன்னால்தான் குற்றமா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மாமியின் புருஷர் பத்ரிநாராயணன் சர்க்கார் உத்தியோகஸ்தர்; அவருக்கே தெரியவில்லை. ஆகையால் ஜன்னலை எல்லாம் சாத்தி, ரேடியோவுக்கு ஒரு கம்பளியைப் போர்த்தி, மூன்று பேரும் தலையை அதற்குள் விட்டுக்கொள்கிறோம், ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதைப் போல. அடுக்களைப் பக்கம் என்னை விடாத வீடு, கம்பளிக்குள் மட்டும் விடுகிறது.

இன்றும் இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

வந்தது!

"சென்னை சாந்தோம், நோராவுக்கு வால்டர். சுகமாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவும்." வாசித்தவன் யாரோ. ஆனால் 'அம்மாவிடம் சொல்லவும்' என்பது வால்டர்தான். எனக்கென்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம், கஞ்சன்.

மாமி கம்பளிக்குள்ளேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதேடி, வெளியில கேக்கும்." மாமா, "கேட்டது நம்மோட இருக்கட்டும்" என்றார். தலையாட்டினேன்.

சேஷாத்ரி பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லி, இருவரும் அழுது முடித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சே, என்ன பிறவி நான்.

அக்டோபர் 15, வியாழன்

அத்தை நேர்ந்துகொண்டிருந்தார்களாம். மகன் உயிரோடிருந்தால் ஒரு நன்றிப் பூசை. சுவாமியாரிடம் போய்ப் பூசைக்குப் பணம் கொடுத்தேன். எதற்காக, என்ன கருத்துக்குப் பூசை என்று கேட்டார். வால்டர் உயிரோடிருப்பதற்கு என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்.

அக்டோபர் 18, ஞாயிறு

பிரசங்கத்துக்கு முன் சுவாமியார் வழக்கம்போல, யாருக்கு யாரோடு கல்யாணம் என்ற ஓலைகளை வாசித்தார். பிறகு அந்த வாரத்துப் பூசைகள். முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் பார்த்து, "மலாயாவில் நம் வால்டர் உயிருடன் இருப்பதாக வந்த நல்ல செய்திக்கு நன்றியாக, அவர் மனைவி நோரா கொடுக்கும் பூசை" என்றார். கோவிலே திரும்பிப் பார்த்தது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் இதைக் கேட்கிறேன். எந்தப் பூசை யாருக்காக என்று வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கோவிலில் சொல்வது வெளியே சொல்வதென்று ஒரு நாளும் தோன்றியதில்லையே. பிறந்த வீடு மாதிரிதானே இருந்தது அது.

வாசலில் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். ஹார்மோனியம் வாசிக்கும் ஆம்ப்ரோஸ் அண்ணன் — குண்டுக்குப் பயந்து ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லும் இருட்டடிப்பு வார்டன், எங்கள் தெருவுக்கு அவர்தான் — சிரித்துக்கொண்டே, "தபாலே இல்லையேம்மா, யார் சொன்னது?" என்றார். விஷமமில்லாமல்தான் கேட்டார். ஆனால் சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 20, செவ்வாய்

மீன் கொண்டுவந்த கோவிந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "யம்மா, ஒரு ஆளு உன்னப் பத்தி கேட்டுக்கினு கீறான். மீன் வாங்க வந்தவன் மாரி நின்னான். வவ்வாலுக்கும் சங்கராவுக்கும் வித்தியாசம் தெர்ல அவனுக்கு. இன்னா, போலீசா?"

மாமி வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 22, வியாழன்

கோவிந்தம்மா சொன்ன ஆள், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கே வந்துவிட்டார். சாதாரணச் சட்டை, கையில் குடை. பெயர் சொல்லவில்லை. தலைமை ஆசிரியை எங்களுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"நல்ல செய்தி வந்ததாமே டீச்சரம்மா. சந்தோஷம். யார் சொன்னாங்க?"

"மாதா கனவில் வந்து சொன்னார்கள்" என்றேன். என் வாய்க்கொழுப்பு. அவருக்குக் கோபம் வரவில்லை.

"சரிம்மா, சொல்ல வேணாம். நீங்க பாட்டுக்கு வழக்கம்போல இருங்க." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வழக்கம்போல இருப்பது எப்படி? மறந்துவிட்டது எனக்கு.

அக்டோபர் 27, செவ்வாய்

போகவில்லை. போனால்தானே காட்டிக்கொடுப்பேன்? கச்சேரி ரோட்டையே விட்டுவிட்டேன். லஸ்ஸிலிருந்து சித்திரைக்குளம் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

நவம்பர் 3, செவ்வாய்

குளத்தருகே மாமி எதிரே வந்தார். நான் வளையல் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மாமி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அவருக்காகத்தான் அப்படிச் செய்தேன்.

நவம்பர் 6, வெள்ளி

கோவிந்தம்மா: "கச்சேரி ரோட்டு அய்யரு வூட்டாண்ட ஒரே கும்பலு. ரேடியோவக் கம்பளியோட தூக்கினு பூட்டானுங்க. அய்யரையும்."

நவம்பர் 8, ஞாயிறு

மாமாவை விட்டுவிட்டார்கள். உத்தியோகம் போயிற்று.

நான் சொல்லலையே. ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லவே இல்லையே! பிறகு எப்படி?

நவம்பர் 16, திங்கள்

குடைக்காரர் இன்று வீட்டுக்கே வந்தார். அத்தை காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "நீங்க ஒண்ணும் சொல்லலைம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நான் வந்து போன பிறகு எந்த வீட்டுக்குப் போறதை நிறுத்தினீங்கன்னு மட்டும்தான் பார்த்தோம். தெருவையே மாத்தி நடந்தீங்களே."

கால் வலிக்க வலிக்க நடந்தேனே, அது இதற்குத்தானா?

"சைகோனை நாங்களும் கேக்கிறோம். ஆள் போட்டு எழுதி வைக்கிறோம். சேஷாத்ரின்னு ஒரு பேர் வந்ததா ஞாபகம். உங்க வீட்டுக்காரர் பேரும் திரும்ப வரலாம். வந்தா சொல்றேன்."

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தாய்க்கு எந்த மகன் உயிரோடிருக்கிறான் என்று ஏதோ ஒரு மேஜையில் எழுதிக் கிடக்கிறது. ஒருவரும் வந்து சொல்லவில்லை. கேட்டவர்களின் ரேடியோவை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாவிகள்.

"சேஷாத்ரிக்கு என்ன சேதி?" என்றேன்.

"பார்த்துச் சொல்றேன். ஆம்ப்ரோஸ் வீட்டுல ஜெபமாலைக்குக் கூடுறாங்களே, நீங்க போறதில்லையா? போங்கம்மா. முடிஞ்சதும் நாலு வார்த்தை பேசிக்குவாங்க இல்லையா, அதுதான் வேணும். பெரிசா ஒண்ணும் இல்லை."

நவம்பர் 24, செவ்வாய்

ஆம்ப்ரோஸ் அண்ணன் வீட்டு ஜெபமாலைக்குப் போனேன். ஜெபிக்க அல்ல.

நவம்பர் 30, திங்கள்

சொன்னேன். அரிசியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விடுகிறது என்று ஆம்ப்ரோஸ் அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார், அவ்வளவுதான் என்றேன். ஊரே பேசுவதுதானே? குடைக்காரர் தலையாட்டினார். பிறகு தன் பங்கைச் சொன்னார். சேஷாத்ரி உயிரோடு இருக்கிறான். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. சுகம்.

டிசம்பர் 1, செவ்வாய்

பள்ளி விட்டதும் கச்சேரி ரோட்டிலேயே நடந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

மாமி கதவை ஒருக்களித்துத் திறந்தார். ரேடியோ இருந்த மேஜை காலியாகக் கிடந்தது தெரிந்தது.

"மாமி, சேஷாத்ரி உயிரோட இருக்கார். ஈப்போ ஆஸ்பத்திரியில வேலையாம். சுகமா இருக்காராம்."

கம்பளிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்ட அன்றைய முகம் திரும்பி வந்தது. கதவை அகலத் திறந்தார். "நிஜமாவாடி? வா, உள்ள வா" என்றவர், பாதியில் நின்றார்.

"தபால் கிடையாது. நம்மாத்து ரேடியோவையும் எடுத்துண்டு போயிட்டா. உனக்கு யார் சொன்னா?"

மாதா என்றுகூட வாயில் வரவில்லை.

மாமி அகலத் திறந்த கதவை மறுபடி ஒருக்களித்தார். பிறகு, "அவன் நன்னா இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே அவர் அழுவது கேட்டது. தம்பி இருக்கிறான் என்றா, என்னை நினைத்தா? படியிலேயே நின்றிருந்தேன். தட்டத் துணிவு வரவில்லை.

டிசம்பர் 8, செவ்வாய்

மாதா திருநாள். பூசையில் ஹார்மோனியம் இல்லை. ஆம்ப்ரோஸ் அண்ணன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வார்டன் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். பட்டாளத்தைப் பற்றி அவதூறு பேசினாராம்.

வாசலில் என்னைத் தனியாக அழைத்தார். "நீ தனியா இருக்கிற பொண்ணு, வாயைத் திறக்காதேம்மா. நம்ம ஜெபமாலைக்கு வர்றவங்கள்லயே யாரோ போய்ச் சொல்றாங்க."

"யார் மேல அண்ணே சந்தேகம்?" என்றேன்.

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் காதோடு ஒரு பெயரைச் சொன்னார். குடைக்காரர் நாளை வருகிறார். மறந்துவிடக் கூடாதே என்று, வீடு வந்து சேரும்வரை அந்தப் பெயரையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.