குங் அக்காவின் முழுப்பெயர்

தராங், தாய்லாந்து
அக்டோபர் 9

அன்புள்ள சுபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். டெங்குக் காய்ச்சல் விட்டு ஒன்பது நாள் ஆகிறது, நேற்றுப் பார்த்ததில் ரத்தத் தட்டணுக்கள் ஏறிவிட்டன, வாய்க்கசப்பு மட்டும் இன்னும் போகவில்லை, மற்றபடி சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க நெல்லையப்பர் துணை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது, கோபத்தில் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் கடிதம். மாதக் கடைசிக்கு டிக்கெட் போடுகிறேன், வீட்டைக் காலி செய்துவிட்டு ஹாலிஃபாக்ஸ் வந்துவிடு என்கிறாய். "செத்துக் கிடந்தாக்கூடக் கேக்க நாதியில்லாத ஊர்ல எதுக்கும்மா இருக்கே" என்று நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. உன் அம்மா தனியாக வந்திருக்கிறார், கூட யாரும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தது வேறு, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் டிக்கெட்டைப் பார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர் எழுந்திருக்கவில்லை என்று எதிர்வீட்டு குங் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவளை நீ இரண்டு தடவை லீவுக்கு வந்தபோது பார்த்திருக்கிறாய், காலையில் கஞ்சிக்கடை போடுகிறவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கடையில் ஆள் நிற்க நிற்கக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கஞ்சிப் பானை ஏற்றுகிற பக்கவண்டியில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனாள். அவசரப் பிரிவு வாசலில் என்னை இறக்கிவிட்டு அவள் வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கைப்பையில் இருந்த பாஸ்போர்ட் நகலைப் பார்த்து ஆவுடைநாயகி செண்பகராமன் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரை இந்த ஊரில் குடியேற்ற அலுவலகத்தைத் தவிர யாருக்குத் தெரியும்? மற்ற எல்லோருக்கும் நான் மலி டீச்சர்தான். வந்த புதிதில் சாமிக்குப் போடுகிற மல்லிகைச் சரத்தைக் காசு கொடுத்து வாங்கி நான் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேனே, தெருவே சிரித்து, மலி, அதாவது மல்லிகை, என்றே பெயர் வைத்துவிட்டது. இங்கே ஆளுக்கு ஆள் அப்படி ஒரு கூப்பிடும் பெயர்தான், குங் என்றால் இறால்.

உள்ளே நர்ஸ் கூட வந்தது யார் என்று கேட்டாள். குங் என்றேன். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் கேட்ட கேள்வி அப்படி. "தெருவுக்கு நாலு குங் இருக்காங்கம்மா, இந்த ஊர்ல இறாலுக்கா பஞ்சம்? நிஜப் பேரைச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம், அப்பா போனபோது பதினைந்து நாள் என் வீட்டிலேயே படுத்திருந்தவள், அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வெளியே போய் ஆவுடைநாயகியின் உறவினர் என்று அவளுக்கு வந்த மாதிரி உச்சரித்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். பத்தடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் குங் அக்கா உட்கார்ந்திருந்தாள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. யாரும் வரவில்லையே என்று நர்ஸ் திரும்பி வந்து சொன்னதும் எனக்கு மனசு ஒரேயடியாக விட்டுப்போயிற்று. கடையைப் பார்க்கப் போய்விட்டாள், நாம் அந்நியர்தானே என்று நினைத்தேன். எனக்கு இங்கே யாருமில்லை, மகள் கனடாவில் இருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன் சுபா. அதைத்தான் அவர்கள் உனக்குச் சொன்னார்கள்.

வெளியே அவள் மலி டீச்சர் எங்கே என்று கேட்க, அப்படி யாரும் சேரவில்லை, அடுத்த கட்டடத்தில் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறாள். இந்த ஊரில் நாலு பேர் நடுவில் குரலை உயர்த்துவது எவ்வளவு கேவலம் என்று உனக்குத் தெரியும், பேரம் பேசும்போதுகூடச் சிரித்துக்கொண்டே பேசுகிற ஜனம். சாயங்காலம் அவள் அவசரப் பிரிவுக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்று, "ஏ மலி! மலி! உசுரோட இருந்தா ஒரு குரல் குடுடீ!" என்று கத்தினாள். காவலாளி ஓடிவந்தார். நான் ஊசி குத்திய கையைத் தூக்கி, இருக்கேன்க்கா என்றேன். கையெழுத்துப் போட வந்தவளிடம் குமாஸ்தா என்ன உறவு என்று கேட்க, அக்கா என்றாள். அவர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பாக்குறீங்க, அவ வெயில்ல நின்னு வளந்தா, நான் நிழல்ல நின்னு வளந்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, எனக்கு யாருமில்லை என்று நர்ஸிடம் நான் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சலில் எல்லோரும் உளறுவதுதான் என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாள் கஞ்சித் தூக்கு கேட்டில் தொங்கியது, அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, இஞ்சியைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "நர்ஸ் சொல்லியிருந்தா பரவால்ல. உன் வாயிலேர்ந்தா அது வரணும்?" என்றாள். அழுதேன். அவளுக்கும் என் பெயர் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பெயர் தெரியாமலே அவள் தேடினாள், நான் தேடவில்லை.

ஆகையால் மாத இறுதியில் நான் வரவில்லை. அடுத்த மாதம் குடியேற்ற அலுவலகத்தில் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை செய்கிற விலாசப் பதிவு இருக்கிறது, அக்காதான் கூட்டிப்போகிறாள். மே மாதம் வந்து இரண்டு மாதம் உன்னோடு இருக்கிறேன், திரும்பி வர டிக்கெட்டும் சேர்த்தே எடு. கொசுவலை மாட்டியாயிற்று, தொட்டித் தண்ணீரைக் கொட்டியாயிற்று, கவலைப்படாதே. உன் பக்கத்து வீட்டு அம்மாவின் முழுப்பெயர் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே போய்க் கேள், கையோடு கொஞ்சம் அதிரசம் செய்து எடுத்துக்கொண்டு போ. மாப்பிள்ளையிடம் முட்டிவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன் என்று சொல். இருவரும் நீடூழி வாழ வேண்டும், குலம் தழைக்க வேண்டும்.

மறந்துவிடாதே, இந்தத் தாளின் பின்பக்கம் தாய்லாந்து எழுத்தில் இருப்பது குங் அக்காவின் முழுப்பெயரும் போன் நம்பரும். என் மகளுக்கு வேண்டும் என்றேன், கையைத் துடைத்துக்கொண்டு அவளே எழுதினாள். விலாவன் கேவ்மனி என்று படிக்க வேண்டும். இனிமேல் யாராவது கூப்பிட்டு உன் அம்மாவுடன் யாருமில்லை என்று சொன்னால், அதை நானே சொன்னதாகச் சொன்னாலும் நம்பாதே. வாசலுக்குப் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஆவுடைநாயகி