செல்வத்துக்கும் ஒரு கை பாகற்காய்

செவ்வாய், ராத்திரி.

எனக்கு சுகர்னு தெரிஞ்சதுல இருந்து வீட்டுக்காரி மதியத்துக்குப் பாகற்காய்ப் பொரியல்தான் கட்டி விடுறா. ரெண்டு மாசமா அதை ஆபீஸ்ல செல்வத்துக்கிட்ட தள்ளிட்டு, அவன் கொண்டுவர்ற உருளைக்கிழங்கை நான் தின்னேன். போன வாரம் பூரா அவன் லீவு. வேற வழியில்லாம முழுங்கினேன். மூணாம் நாள் தயிர்ச்சோத்துக்குத் தொட்டுக்கிட்டப்போ அந்தக் கசப்பு நல்லாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கு வந்துட்டான். உருளைக்கிழங்கை என் பக்கம் நகத்திட்டு, "அண்ணே, நம்ம பாகற்காய் எங்க?"ன்னு கை நீட்டினான். டப்பாவை மூடிட்டேன். பய முகம் சுருங்கிப்போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

சாயங்காலம் வீட்டுல, "நாளைக்கு ஒரு கை கூட வையி"ன்னேன்.

"அம்புட்டுப் பிடிச்சுப்போச்சா?"ன்னு பூரிச்சுப் போயிட்டா.

ஆமான்னேன். செல்வத்தைப் பத்தி மூச்சு விடல.