பரிசளிப்பு முடியும்வரை

கரையான்சாவடி
19.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹெலினா எழுதுகிறேன். யாரிடமும் போனில் பேசக்கூடாது என்று வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பதாக அண்ணி சொன்னார்கள். அதனால்தான் கடிதம். ஓசூரில் மகள் வீட்டில் சுகமாக இருப்பாய். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

டில்லிபாபுவுக்கு மறுபடியும் ஜாமீன் மறுத்துவிட்டார்கள். கோயில் திருவிழா கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஒன்பது பேர் நசுங்கிச் செத்ததற்கு அந்த கேட் காவலாளிதான் காரணமாம். கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு எங்கேயோ போய்விட்டானாம். கமிட்டிச் செயலாளர் என்று நீ கொடுத்த வாக்குமூலத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணா, ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு நான் உன் பக்கத்தில்தானே நின்றிருந்தேன்?

ஆட்டம் முடிந்ததும் ஜனம் எழுந்து போய்விடும், பேச்சையும் பரிசளிப்பையும் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். அது நம் திருவிழாவில் வழக்கம். அதற்காகத்தான் இந்த வருஷம் கேட்டைப் பூட்டச் சொன்னாய். சாவியைக் கை நீட்டி வாங்கினாய்.

"சாவியும் நீயே வச்சிகினா எனக்கு ஒண்ணுக்கு வந்தா இன்னா சார் பண்றது?" என்று டில்லிபாபு கேட்டான்.

"அடக்கிக்கோ. போன வருஷம் காலி நாற்காலிக்குப் பரிசு குடுத்தோம். வந்த பெரிய மனுஷன் மூஞ்சியப் பாத்தியா?"

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் நிர்மல்தான் சத்தமாகச் சிரித்தார். சாவியை நீ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனாய்.

பிறகு மழை. கேலரி மொத்தமும் கேட்டுக்கு ஓடியது. நீ விருந்தினருக்குக் குடை பிடித்தபடி மைக்கில் சொன்னாய்: "யாரும் கலைய வேண்டாம், பரிசளிப்பு இருக்கிறது." அந்த நேரத்தில் நிர்மல் கேட்டுக் கம்பியோடு கம்பியாக இருந்தார்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீயே வந்து சொல்லிவிடு.

உன் தங்கை,
ஹெலினா


ஓசூர்
27.10.2025

பாசமுள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆரோக்கியசாமியின் ஆசீர். ஆண்டவர் கிருபையால் இருக்கிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, தூக்கம் இல்லை.

மாப்பிள்ளை போனது எனக்குத் துக்கம் இல்லை என்று நினைக்கிறாயா? உன் கல்யாணத்தில் அவர் கையில் உன்னைக் கொடுத்தவன் நான். ஆனால் குடித்துவிட்டு வந்த பையன்கள் பின்னாலிருந்து தள்ளாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தோனேசியாவில் பெரிய ஸ்டேடியத்திலேயே நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கூட்டம் என்றால் அப்படித்தான். யாரை என்று குற்றம் சொல்வது?

டில்லிபாபு சின்ன வயசுக்காரன், வெளியே வந்துவிடுவான். அவன் குடும்பத்தைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும். நான் உள்ளே போனால் என் பெண் சம்பந்தி வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வாள்? கூட்டத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று மட்டும் சொல். அது பொய் ஆகாது.

அப்பா இல்லாத உனக்கு நான்தான் அப்பா. மறந்துவிடாதே.

அண்ணன்


கரையான்சாவடி
14.11.2025

அண்ணா,

கல்லறைத் திருநாளுக்கு வருவாய் என்று நினைத்தேன். மெழுகுவர்த்தியை நான் தனியாக ஏற்றிவிட்டு வந்தேன்.

இந்தோனேசியாவை எழுதியிருந்தாய். நானும் தேடிப் படித்தேன். அங்கே போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. வெளியே ஓடியவர்கள் குறுகலான வாசல்களில் நசுங்கினார்கள். கூட்டம் தானாகச் சாகவில்லை. இங்கிலாந்தில் ஒரு மைதானத்தில் செத்தவர்களைக் குடிகாரர்கள் என்றது போலீஸ். செத்தவர்கள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வாங்க அந்தக் குடும்பங்களுக்கு இருபத்தேழு வருஷம் ஆனது. உனக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நிர்மல் குடித்திருந்தாரா? அவர் பக்கத்தில் கிடந்த பள்ளிக்கூடப் பிள்ளை குடித்திருந்ததா? கூட்டம், கூட்டம் என்கிறாய். உன் மாப்பிள்ளைதான் அண்ணா அந்தக் கூட்டம்.

டில்லிபாபுவின் மனைவி ரேணுகா வீட்டுக்கு வந்திருந்தாள். கேட்டுப் பூட்டைக் கல்லால் அடித்து அடித்து அவன் விரல் இரண்டு உடைந்து கோணலாகக் கூடியிருக்கிறதாம். "ஓடிப்போனவன் கை எப்படிக்கா உடையும்?" என்று கேட்டாள். உன் கடிதத்தை எடுத்துக் கிழித்தேன்.

நேற்று விசாரணைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டைப் பூட்டச் சொன்னது யார், சாவி யார் சட்டைப் பையில் இருந்தது, மைக்கில் பேசியது யார், எல்லாம். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி கேட்டார். கூடப்பிறந்த அண்ணன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதையும் எழுதுங்க சார்" என்றேன்.

உன் மகள் நான் தூக்கி வளர்த்தவள். அவள் முகம் எனக்கும் தெரிகிறது. ரேணுகாவின் முகமும் தெரிகிறது. உனக்கு ஒரு முகம்தான் தெரிகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்கும் சம்மன் வரும். வக்கீலை வைத்து வாய்தா வாங்காதே. வந்து உன் வாயால் சொல். அன்றைக்கு எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். மன்னிப்பேன் என்று எழுதவில்லை. சோறு போடுவேன், அவ்வளவுதான்.

அங்கே சொல்லாமல் வந்தால் கதவைத் தட்டாதே.

ஹெலினா நிர்மல்