எண்ணெய் வைக்காத தலை

தென்காசி,
ஆடி மாதம், 1936

மகனே,

பெரியப்பா விடியற்காலையில் போய்விட்டார் என்று நீ சொல்லி அனுப்பிய செய்தி வந்தது. என்னை ஏற்றிவர நீ அனுப்பிய வில்வண்டியை, இந்தக் கடிதத்தோடு சுந்தரபாண்டியபுரத்துக்கே திருப்பி அனுப்புகிறேன். பிள்ளையில்லாதவருக்கு நீதான் கொள்ளி வைக்க வேண்டுமாம். வை.

உன் அப்பாவைக் குற்றாலத்துத் தோப்பில் வெட்டிப் போட்டது யார் என்று, போலீஸ் கைவிட்ட பிறகும் நாம் இருவரும் வாதாடிக்கொண்டுதான் இருந்தோம். அன்று பங்காளிகளுக்குச் செய்தி சொல்லப் வண்டிக்காரன் பேச்சிமுத்து வண்டியில் மாட்டைக்கூடப் பூட்டவில்லை. அதற்குள் உன் பெரியப்பா ஈரவேட்டியும் ஈரத்தலையுமாக வாசலில் வந்து நின்று, "என்னலே, இங்கன ஒரே கூட்டமா இருக்கு?" என்றார்.

"சாரல் நேரம்லாம்மா, அருவில குளிச்சிட்டு வந்திருப்பாவ" என்பாய் நீ.

தலைக்கு எண்ணெய் வைக்காமல், மாற்று வேட்டி இல்லாமல் எவன் சாரலில் குளிக்கிறான்? பங்காளி செத்த செய்தி கேட்டவன்தான் அப்படிக் குளிப்பான். ஆளை வெட்ட அஞ்சாதவர் தீட்டுக்கு அஞ்சி, யாரும் சொல்லுமுன்பே முழுகிவிட்டார்.

அவர் சோற்றில் வளர்ந்தவன் நீ. கடைசிவரை நான் சொன்னதை நீ ஒத்துக்கொள்ளவில்லை.

நான் தீட்டுக் குளிக்கவில்லை. உன் அப்பா போனபின் முதன்முறையாகத் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்திருக்கிறேன். இழவு வீட்டில் யாராவது என்னைத் தேடினால், அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி